சைலன்சர் படலம்

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் நமது மோட்டார் சைக்கிளுக்குக் குரல் உடைந்தது. பதினான்கு வயதுப் பையனுக்குக் குரல் உடைந்தால் அது இயற்கை. ஏறக்குறைய ஐம்பது பிராயமான ஒரு புல்லட் வண்டிக்கு உடைந்தால், அதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: சைலன்சர் போய்விட்டது என்று அர்த்தம்.

முதலில் நமக்கே இது தெரியவில்லை. தினந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிற சப்தம், வண்டியின் மேல் உட்கார்ந்திருப்பவன் காதுக்குப் பழகிப் போய்விடுகிறது. தெரியவந்த விதம் சற்று விசித்திரமானது. ஒரு நாள் தலைமையாசிரியர் நம்மைக் கூப்பிட்டு, "காலையில் முதல் மணி அடித்ததும் மற்ற வகுப்புக்களெல்லாம் சந்தைக்கடையாக இருக்கின்றன. உங்கள் வகுப்பு மாத்திரம் கோயில் மாதிரி இருக்கிறதே! என்ன வித்தை செய்கிறீர்கள்?" என்று கேட்டார். நாம் அடக்கமாகப் புன்னகை புரிந்தோம். இருபது வருஷத்து ஆசிரியத் தொழிலின் பலன் இது என்று உள்ளூர நினைத்துக்கொண்டோம். அன்று மாலையே அந்த எண்ணத்தில் மண் விழுந்தது. முன் பெஞ்சுப் பையன் ஒருவன், கள்ளங்கபடமற்றவன், பேச்சுவாக்கில் சொல்லிவிட்டான்: "சார், உங்கள் வண்டி கடைத்தெருவைத் திரும்பும்போதே எங்களுக்குக் கேட்டுவிடும். உடனே எல்லாரும் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்வோம்."

ஆக, நமது வகுப்பின் ஒழுங்கு முறைக்குக் காரணம் நாம் அல்ல. சைலன்சரில் விழுந்திருந்த ஓட்டை!

இதில் நம்மை உறுத்திய விஷயம் வேறொன்று உண்டு. நம் பாடசாலை பெரிய சாலையை ஒட்டியது. இலக்கணம் நடக்கும்போது காது கிழியும்படி ஒரு மோட்டார் சைக்கிள் போகும், நாம் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, அது தேய்ந்து மறையும் வரையில் காத்திருந்து, "எங்கே விட்டோம்?" என்று கேட்போம். ஒரு மணிப் பாடத்தில் இப்படி ஐந்தாறு தடவை நடப்பதுண்டு. அந்த வண்டிக்காரர்களையெல்லாம் நாம் மனத்துக்குள் வைதது கொஞ்ச நஞ்சமல்ல. இப்போது பார்த்தால், பக்கத்துத் தெருவிலுள்ள ஆரம்பப் பாடசாலை ஆசிரியை ஒருவர் நம்மையும் அவ்வாறே தினமும் வைதுகொண்டிருந்திருக்க வேண்டும்!

ஆகையால் சைலன்சரை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தோம். நாமே, வீட்டிலேயே, நம் கையாலேயே. நம் சகதர்மிணி, "பி.ஏ. படித்ததற்கு இது ஒன்றுதான் பாக்கி" என்றாள். 1937-ல் வார்தாவில் மகாத்மா காந்தி எடுத்துரைத்த கல்வித் திட்டத்தில் கைத்தொழில்தான் நடுநாயகம் என்று நாம் எடுத்துக்காட்டினோம். "அவர் ராட்டினத்தைச் சொன்னார், மோட்டார் சைக்கிளைச் சொல்லவில்லை" என்று பதில் வந்தது.

வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் தகப்பனார் வாங்கிய 350 புல்லட் அது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில், ஒற்றைச் சிலிண்டர், உள் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர், 18 குதிரைச் சக்தி. பிறப்பிடம் சென்னையை அடுத்த திருவொற்றியூர். ஆனால் இதன் குலம் கோத்திரம் இங்கிலாந்து தேசத்து ரெட்டிச் நகரம். என்பீல்டு என்னுமிடத்திலிருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி உறுப்புக்கள் செய்து கொடுத்துவந்த கம்பெனி ஆனதால் ராயல் என்பீல்டு என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். 'துப்பாக்கி போல் செய்யப்பட்டது' என்பதே அவர்களுடைய விளம்பர வாசகம். 1955-ல் அவர்களும் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸாரும் கூட்டுச் சேர்ந்து என்பீல்டு இந்தியா என்ற கம்பெனியை ஸ்தாபித்தார்கள். முதலில் அங்கிருந்து பாகங்கள் கப்பலில் வந்தன. பிறகு படிப்படியாக இங்கேயே வார்க்கவும் கடையவும் ஆரம்பித்தார்கள். 1970-ல் இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடப்பட்டது. திருவொற்றியூரிலோ அடுப்பு அணையவில்லை. 1977-ல் சென்னையில் செய்த புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின! பிறந்த வீடு இடிந்துபோன பிறகு, புகுந்த வீட்டிலிருந்து பெண் சீர்வரிசையோடு போய் நின்ற கதைதான். இந்த விஷயத்தை நினைக்கும்போதெல்லாம் நமக்கு மார்பு சற்று விரிவது உண்மை.

நிற்க, சைலன்சர் ஏன் போயிற்று? மழையில் நனைந்து துருப்பிடித்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். வெளியே பார்த்தால் முலாம் பளபளவென்றுதான் இருந்தது. துரு உள்ளேயிருந்து வந்தது. பெட்ரோலில் கரியும் ஹைட்ரஜனும் இருக்கின்றன. அந்த ஹைட்ரஜன் எரிந்தால் நீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது என்றால் பலர் நம்பமாட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம், உண்மைதான். தூரப் பிரயாணத்தில் குழாய் நன்றாகக் காய்ந்து அந்த நீர் முழுவதும் ஆவியாகவே வெளியேறிவிடும். வீட்டிலிருந்து பாடசாலைக்கு இரண்டு மைல், பாடசாலையிலிருந்து வீட்டுக்கு இரண்டு மைல் என்று ஓட்டினால், சைலன்சர் சூடேறுவதற்கு முன்பே பிரயாணம் முடிந்துவிடும். ஆவி உள்ளேயே குளிர்ந்து நீராகித் தேங்கும். எரிந்த வாயுவிலுள்ள அமிலச் சத்தும் அதோடு சேரும். அப்புறம் இரும்பு என்ன செய்யும்? நம் தகப்பனார் இதே வண்டியில் ஊர் ஊராகச் சுற்றினார். அவர் காலத்துச் சைலன்சர் நீண்ட நாள் உழைத்தது. நாம் வெகு ஜாக்கிரதையாக இரண்டு மைல் ஓட்டியே அதைக் கொன்றோம். சில சைலன்சர்களுக்கு அடியில் குண்டூசி நுழையும்படி ஒரு துவாரம் இருக்கும். ஓட்டை என்று நினைத்து அதை அடைத்துவிடாதீர்கள். நீர் வடிவதற்காக வைத்தது அது.

புதுச் சைலன்சர் வாங்கச் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனோம். பத்தொன்பது பிராயமுள்ள நம் குமாரனும் கூட வந்தான். கடைக்காரர் இரண்டு விதமான சரக்குகளை எடுத்து வைத்தார். ஒன்று, பழைய மாதிரியே நீளமானது. மற்றொன்று குட்டையாய், திறந்த வாயோடு, சிறு பீரங்கி போல் இருந்தது. "இதைப் போட்டால் பிக்கப் பிய்த்துக்கொண்டு போகும் சார். தெருவே திரும்பிப் பார்க்கும்" என்றார். நம் குமாரன் கண்கள் அந்த இரண்டாவதிலேயே நிலைத்துவிட்டன.

"அப்பா! புல்லட் என்றாலே சத்தம்தானே?" என்றான்.

அவனுடைய கேள்வி முழுவதும் தவறானதல்ல. நான்கு வீச்சு என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடி. நிமிஷத்துக்கு 900 சுற்று சுற்றினால் விநாடிக்கு ஏழரை வெடி. 3000 சுற்றுக்கு இருபத்தைந்து வெடி. ஒற்றைச் சிலிண்டராகையால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் காதுக்கு எட்டும்படியான இடைவெளி இருக்கிறது. 'தப்... தப்... தப்' என்கிற அந்தத் தாளத்தின் இரகசியம் இதுதான். தாளம் என்ஜினுடையது, அதைச் சைலன்சர் கெடுப்பதில்லை. வால்வு திறக்கும் க்ஷணத்தில் அழுத்தத்தோடு பாய்கிற வாயுவுக்கு ஓர் அகலமான அறையைக் கொடுத்து, துளையிட்ட குழாய்கள் வழியாகவும் தடுப்புத் தகடுகளைச் சுற்றியும் அனுப்பி, ஒலியலைகள் ஒன்றோடொன்று மோதி அடங்கும்படி செய்வதே அதன் வேலை. பீரங்கிக் குழாயைப் போட்டால் தாளம் கூடுவதில்லை, கூச்சல்தான் கூடுகிறது. ஒலியை அளக்கும் டெசிபல் கணக்கும் சற்றுப் பொல்லாதது. பத்து டெசிபல் ஏறினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு ஏறிற்று என்று பொருள்.

'பிக்கப்' விஷயமும் இப்படியே. தடையில்லாத குழாயை மாட்டிவிட்டுக் கார்புரேட்டரின் ஜெட்டை அதற்குத் தக்கபடி மாற்றாமலிருந்தால், பெட்ரோல் கலவை மெலிந்து என்ஜின் அதிகமாகச் சூடேறும். 18 குதிரைகளில் ஒன்றிரண்டு கூடுவதற்குப் பதில் குறைந்தாலும் குறையலாம். சட்டமும் இருக்கிறது. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-வது விதி சைலன்சர் பொருத்தியே தீரவேண்டும் என்கிறது. 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் எல்லை. ஆஸ்பத்திரி, பாடசாலை, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி நூறு மீட்டர் வரையில் அமைதிப் பிரதேசம். அங்கே இன்னும் ஐந்து டெசிபல் குறைவு. கடைக்காரரிடம் இதையெல்லாம் நாம் விஸ்தரித்தபோது அவர் கொட்டாவி விட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திரும்பி வரும்போது நம் குமாரனுக்கு மாக்ஸிம் குடும்பத்தின் கதையைச் சொன்னோம். ஹைரம் மாக்ஸிம் என்பவர் 1884-ல் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். 1893-ல் ஆப்பிரிக்காவில் மட்டபெலி மக்கள்மீது வெள்ளையர் அதைத் திருப்பியபோது நடந்த கோரத்தைச் சரித்திரம் படித்தவர்கள் அறிவார்கள். தம் துப்பாக்கிகளின் ஓசையிலேயே வாழ்ந்த அந்த மனிதருக்கு, கடைசியில் காது கேளாமற் போயிற்று. அவருடைய புதல்வர் ஹைரம் பெர்ஸி மாக்ஸிம், 1909-ல் துப்பாக்கியின் சப்தத்தை அடக்கும் கருவிக்குப் பேட்டெண்டு உரிமை பெற்றார். அதே தத்துவத்தைக் கொண்டு என்ஜின்களின் புகைக் குழாயையும் அடக்கினார். தகப்பன் போட்ட சப்தத்தை மகன் அடக்கினான்! "அந்த வீட்டில் அப்படி. நம் வீட்டில் நேர்மாறாக இருக்கிறது" என்றோம். குமாரன் சிரிக்காமல் இருக்க மிகவும் பிரயத்தனப்பட்டான்.

இனிமேல்தான் உண்மையான படலம் தொடங்குகிறது.

பழைய சைலன்சரைக் கழற்ற ஒரு மணி நேரம் ஆகும் என்று மதிப்பிட்டோம். இரண்டு நாள் ஆயிற்று. வண்டியின் வலது பக்கத்தில் சிலிண்டர் தலையிலிருந்து வளைந்து இறங்குகிற 'பெண்டு பைப்', அதன் நுனியில் சைலன்சர், இரண்டையும் இறுக்குகிற ஒரு கிளாம்ப், இடையிலும் கடைசியிலும் சட்டத்தோடு பிணைக்கும் காதுகள், அவற்றிற்குரிய போல்ட்டுகள், சாமான்கள் இவ்வளவே. ஆனால் ஒவ்வொரு போல்ட்டும் வருஷக்கணக்கான வெப்பத்திலும் துருவிலும் நட்டோடு விவாகம் செய்துகொண்டிருந்தது. இந்த இடத்தில் பலத்தைக் காட்டினால் போல்ட்டின் கழுத்து முறியும். முதல் நாள் சாயங்காலம் இரும்புத் தூரிகையால் துருவைத் தேய்த்துவிட்டு, மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு வைத்தோம். மறுநாள் காலையிலும் அப்படியே. பிறகு திருகிக் கழற்றுவதற்கு முன்னால், இறுக்குகிற பக்கமாக ஒரு மயிரிழை திருப்பினோம். 'கிறீச்' என்று ஒரு சப்தம் வந்தால் துருவின் பிடி விட்டது என்று அறியலாம். அப்புறம் முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தால் பிடிவாதக்காரப் போல்ட்டும் வந்துவிடும். மூன்று போல்ட்டுகள் வந்தன. நான்காவது வராமல் முறிந்தது. அன்று நமக்குப் பொறுமை சற்றுக் குறைவாயிருந்ததுதான் காரணம்.

நம் வண்டியைப் போன்ற பழைய வார்ப்பிரும்புச் சிலிண்டர்ப் புல்லட்டில், பெண்டு பைப்பின் மேல் நுனி சிலிண்டர் தலையிலுள்ள துவாரத்தில் வெறுமனே செருகப்பட்டிருக்கிறது, மரை கிடையாது. சிலிண்டர் தலையோ அலுமினியம், மென்மையான உலோகம். சுத்தியலால் அடித்தால் துவாரத்தின் வாய் கெட்டுவிடும். ஆகையால் குழாயைக் கையால் பற்றி இடமும் வலமுமாகத் திருகிக் கொண்டே இழுக்க வேண்டும், பிடிவாதக் குழந்தையின் கையிலிருந்து கத்தியை வாங்குவது போல. முன்னாளில் இந்த இடத்தில் புகை கசியாமலிருக்கக் கல்நார்க் கயிறு சுற்றும் வழக்கம் இருந்தது. பழைய வண்டியைப் பிரிக்கிறவர்கள் அங்கே நரைத்த நார் தென்பட்டால் உலர்ந்தபடியே சுரண்டலாகாது. அந்தத் தூசி சுவாசப்பைக்கு எமன். நனைத்து, ஈரத்துணியால் துடைத்தெடுத்து அப்புறப்படுத்துவது நல்லது.

புதுச் சைலன்சரையும் புதுப் பெண்டு பைப்பையும் மாட்டும் வேலை அரை மணியில் முடிந்துவிட்டது. இவ்வளவு சுலபமாக முடிந்ததே நமக்குச் சந்தேகத்தை உண்டாக்கியிருக்க வேண்டும். உண்டாக்கவில்லை. முதலில் சைலன்சரின் பின்புறக் காதைச் சட்டத்தில் வைத்துப் போல்ட்டைப் பலமாக இறுக்கினோம். கனமான சாமான் ஆயிற்றே, முதலில் ஒரு பக்கம் நிலைநிறுத்திவிட்டால் நல்லது என்று எண்ணம். பிறகு கிளாம்பை இறுக்கினோம். கடைசியில் பார்த்தால் பெண்டு பைப்பின் நடுக் காது, சட்டத்திலுள்ள துவாரத்துக்குக் கால் அங்குலம் விலகி நின்றது. ஒரு சிறிய கடப்பாரையை இடையில் கொடுத்து நெம்பினோம், துவாரங்கள் நேருக்கு நேர் வந்தன, குமாரன் போல்ட்டை உள்ளே செலுத்தினான், நாம் இறுக்கினோம். வண்டி பசு மாதிரி சாதுவாகப் பேசிற்று. சகதர்மிணி கூட வாசலுக்கு வந்து பார்த்து, "பரவாயில்லையே!" என்றாள்.

இந்தப் பெருமை மூன்று வாரம் நீடித்தது. ஒரு நாள் பாடசாலைக்குப் போகும் வழியில் 'டணார்' என்று ஒரு சப்தம். நடுக் காது ஒட்டவைத்த இடத்தில் குழாய் பாதி வட்டத்துக்கு விரிந்திருந்தது. கடையில் ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபத்துடன் நம் ஊர் வெல்டிங் பட்டறைக்குக் குழாயைக் கொண்டு போனோம். பட்டறை மேஸ்திரி வயதானவர். குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாத்தியார் ஐயா, இது தானாக உடையவில்லை. நீங்கள்தான் உடைத்தீர்கள்" என்றார்.

நமக்குச் சுருக்கென்றது. "மாட்டும்போது நெம்பினீர்களா?" என்று கேட்டார். கடப்பாரையை அவர் பக்கத்திலிருந்து பார்த்தவர் போலக் கேட்டார்! பிறகு சொன்னார்: "பந்தல் போடுகிறவன் முதல் மூங்கிலின் முடிச்சையே இறுக்கிவிடுவானா? எல்லா முடிச்சையும் தளரப் போட்டு, பந்தல் நேராக நின்ற பிறகுதானே இறுக்குவான்? குழாயும் அப்படித்தான். வலுவில் இழுத்துக் கட்டினால், சும்மா நிற்கும்போதே அதற்கு வலிக்கிறது. அப்புறம் என்ஜின் உதறுகிறது. சூட்டில் நீள்கிறது, ஆறினால் சுருங்குகிறது. எத்தனை நாள் தாங்கும்?"

இருபது வருஷமாகப் பையன்களுக்கு 'வெப்பத்தால் உலோகம் நீளும்' என்று கற்பித்து வருகிற நாம், அந்த வாக்கியத்தை நம் வீட்டு முற்றத்தில் ஒரு கணமும் நினைத்துப் பார்க்கவில்லை.

மேஸ்திரி குழாயைப் பற்றவைத்துக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் முற்றத்தில் உட்கார்ந்தோம். இந்தத் தடவை கடப்பாரையைக் கிணற்றடியில் ஒளித்து வைத்துவிட்டோம். சிலிண்டர் தலையின் துவாரத்தைக் கரி போகத் துடைத்து, வெப்பம் தாங்கும் பசையை மெல்லியதாகப் பூசி, பெண்டு பைப்பின் நுனியை அடி வரையில் திருகிச் செலுத்தினோம். முதற் புகல் இதுதான். மற்றவையெல்லாம் இதற்கு அடங்கியவை. பிறகு நடுக் காது, பிறகு சைலன்சர், பிறகு கிளாம்ப், பிறகு பின்புறக் காது. ஒன்றிலும் ஸ்பானரை வைக்கவில்லை. நட்டுகளை விரலாலேயே திருகி நிறுத்தினோம். அப்புறம் சைலன்சரின் வாலைப் பிடித்து நன்றாக ஒரு தடவை உலுக்கினோம். சாமான்கள் தாமே தங்கள் தங்கள் இடத்தைத் தேடிக்கொள்கின்றன. அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பின்புறக் காதுக்கும் சட்டத்துக்கும் இடையில் சிறிது சந்து தெரிந்தது. முன்பு போல் போல்ட்டினால் இழுத்து மூடாமல், மூன்று வாஷர்களைச் செருகிச் சந்தை நிரப்பினோம். நடுக் காதின் துவாரத்தை அரத்தால் சற்று நீளமாக்கினோம். இவ்வளவும் ஆனபிறகு, என்ஜின் பக்கத்திலிருந்து ஆரம்பித்துப் பின்பக்கமாக ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டு வந்தோம். மரைகளுக்கெல்லாம் கிராபைட் கலந்த கிரீஸ் தடவியதும் இந்தத் தடவைதான். அடுத்த தலைமுறையில் இதைக் கழற்றப் போகிறவனுடைய சாபம் நமக்கு வேண்டாம் அல்லவா?

புகை கசிகிறதா என்று சோதிக்க வேண்டும். கசிந்தால் சப்தம் மட்டுமல்ல, ஆக்ஸிலேட்டரை மூடும்போது வெளிக்காற்று உள்ளே புகுந்து 'டப் டப்' என்று குழாய்க்குள் வெடிக்கும். பக்கத்து வீட்டு நண்பர், "ஊதுவத்தியை அருகில் காட்டுங்கள், புகை ஆடினால் கசிவு இருக்கிறது" என்று யோசனை சொன்னார். நல்ல யோசனைதான் என்று நாம் உள்ளே திரும்பினோம். சகதர்மிணி வாசற்படியில் குறுக்கே நின்று, "பெட்ரோல் டாங்கியின் அடியில் நெருப்பா? படித்தவர்கள்தானே இரண்டு பேரும்?" என்றாள். நண்பர் தம் வீட்டில் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். கடைசியில் நம் க்ஷவரப் பிரஷ் உதவிற்று. குழாய் குளிர்ந்திருக்கும்போதே மூட்டுக்களில் சோப்பு நுரையைத் தடவிவிட்டு என்ஜினைக் கிளப்பினால், கசிகிற இடத்தில் குமிழி குமிழியாக வரும். குழாய் சூடேறுவதற்குள் ஒரு நிமிஷத்தில் பார்த்துவிட வேண்டும். கிளாம்பின் அடியில் மட்டும் இரண்டு குமிழி வந்தது. கால் திருப்பு இறுக்கியதும் நின்றது.

என்ஜினைக் கிளப்புவதற்கு முன் வண்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனோம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு இருக்கிறது. நிறமில்லை, வாசனையில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராண வாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் ஆசையாக இதைப் பற்றிக்கொள்கிறது. அடைத்த அறையில் என்ஜினை ஓடவிட்டால், தலைவலி என்று நினைத்து உட்காருகிறவன் எழுந்திருக்கமாட்டான். இன்னொரு சிறு விஷயம்: கிளப்புவதற்கு முன்பு முலாம் பூசிய குழாயிலுள்ள கிரீஸையும் விரல் ரேகைகளையும் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். முதல் சூட்டிலேயே அவை சுட்டுப் பதிந்துவிடும். நாம் முதல் தடவை துடைக்கவில்லை. நம் குமாரனுடைய ஐந்து விரலும் இன்றைக்கும் பெண்டு பைப்பின்மேல் சாஸனம் போல் விளங்குகின்றன.

ஐந்து மைல் ஓட்டிவிட்டு வந்து, நன்றாக ஆறியபிறகு, நட்டுகளை மீண்டும் ஒரு தடவை இறுக்கினோம். ஒவ்வொன்றும் சற்று இடம் கொடுத்தது. அந்த வேலையைக் குமாரனே செய்தான். முடித்துவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பி, காதைச் சாய்த்துக் கேட்டான். 'தப்... தப்... தப்' என்று தாளம் நிதானமாக வந்தது. "அப்பா, பீரங்கிக் குழாயில் இது கேட்காது, இல்லையா?" என்றான். நாம் பதில் சொல்லவில்லை. சொன்னால் உபதேசம் செய்கிறோம் என்று கட்சி மாறிவிடுவான்.

திங்கட்கிழமை காலையில் பாடசாலைக்குப் போனோம். வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு வராந்தாவில் நடந்தபோது, ஓர் இடத்திலிருந்து பெரிய இரைச்சல் கேட்டது. எந்த வகுப்பென்று பார்த்தால், அது நம் வகுப்பு! வாசலில் போய் நின்றோம். இரண்டு பேர் பெஞ்சின்மேல் ஏறியிருந்தார்கள். கரும்பலகையில் ஒரு மோட்டார் சைக்கிள் பிரமாதமாக உருவாகிக்கொண்டிருந்தது. அதன்மேல் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மனிதர். பின்னால் மேகம் மேகமாகப் புகை. புகைக்கு நடுவே 'டமடம' என்று கொட்டை எழுத்து. வரைந்துகொண்டிருந்தவன் நமக்கு முதுகைக் காட்டி நின்றான். அந்த முன் பெஞ்சுப் பையன்தான், கள்ளங்கபடமற்றவன்.

வகுப்பு சட்டென்று அடங்கிற்று. அவன் திரும்பிப் பார்த்தான். சாக்குக்கட்டி கையிலிருந்து நழுவிற்று. நாம் படத்தை உற்றுப் பார்த்து, "சைலன்சரை இடது பக்கம் போட்டிருக்கிறாயே. புல்லட்டுக்கு வலது பக்கம் அல்லவா?" என்று கேட்டோம்.

பையன் நம்மைப் பார்த்தான். ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்தான். மறுபடியும் நம்மைப் பார்த்தான்.

"சார்! இன்றைக்கு நடந்து வந்தீர்களா?" என்றான்.